ஆட்ஸ் கணக்கா? முதலில் பின்னமாக்குங்கள்
தாராவியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஆட்ஸ், அதாவது ஒன்று நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதம், 3:2 என்றதும் நிகழ்தகவை 3/2 என்று எழுதிவிடுகிறார்கள். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டவே தாண்டாது, இரண்டையும் கூட்டி அந்தத் தொகையால் வகுக்க வேண்டும்.

சயான் லோக்கல் ரயில் நேரத்துக்கு வர சாதக விகிதம் (நடப்பது : நடக்காதது) 3:2 என்றால் நிகழ்தகவு 3/5, வராமல் போக 2/5. மாஹிம் லோக்கலுக்குப் பாதக விகிதம் (நடக்காதது : நடப்பது) 1:3, அதாவது வராமல் போக 1/4. இரண்டில் ஒன்றாவது நேரத்துக்கு வருமா என்று கேட்டால் நேராகப் போகாதீர்கள், இரண்டுமே வராமல் போவதைப் பெருக்குங்கள்: 2/5 × 1/4 = 1/10, அதை ஒன்றிலிருந்து கழித்தால் 9/10, ஆட்ஸில் 9:1.

ஆனால் இந்தப் பெருக்கல் சார்பற்ற, அதாவது ஒன்று மற்றதைப் பாதிக்காத நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். ஜூலை மழையில் இரண்டு தடத்திலும் சேர்ந்தே தண்ணீர் நின்றால் ஒன்றின் தாமதம் மற்றதைப் பற்றியும் சொல்லிவிடும், அப்போது பெருக்காதீர்கள்.