ஆய் போகப் பயந்த பையனுக்குக் கைகொடுத்த ஸ்டூல்

இரண்டரை வயதில் என் பையன் ஒன்றுக்கு வந்தால் சொல்லப் பழகிவிட்டான். ஆய் என்றால் மட்டும் கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க அடக்குவான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

மலம் இறுகி ஒருமுறை வலித்துவிட்டால் பிள்ளைகள் பயந்து அடக்குவார்கள். அடக்க அடக்க அது இன்னும் இறுகும். அதனால் டாய்லெட் பழக்குவதைத் தள்ளிவைத்தோம். ஆய் வரும்போது அவன் கேட்டால் டயப்பர் போட்டுவிட்டோம். பப்பாளி, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, நிறைய தண்ணீர். மலம் இளகியதும் பயம் பாதி போயிற்று.

அப்புறம் உட்காரும் விதம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்குவது கஷ்டம். "இவன் அப்பாவை என் கால்மேல் குத்தவைத்துத்தானே பழக்கினேன்" என்றார் அத்தை. அதே குந்தும் நிலைதான்: முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி காலடியில் ஸ்டூல் போட்டோம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால், காலை இட்லி முடிந்த கையோடு 5 நிமிடம் கதை சொல்லி உட்கார வைப்பேன். வராவிட்டால், "சரி, நாளைக்குப் பார்க்கலாம்டா" என்று எழுப்பிவிடுவேன். திட்டவே கூடாது, அதில் நான் கறார்.

இப்போது அவனே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறான். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வயிறு உப்பினாலோ குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.