வெளிநாட்டுக்குப் பார்சல்: சுங்க மதிப்பு எழுதுவது எப்படி, இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர் வரும்போது கூடவே பெரும்பாலும் ஒரு மெசேஜும் வரும்: "சுங்கப் படிவத்தில் கிஃப்ட் என்று போட்டு, விலையையும் கொஞ்சம் குறைத்து எழுதிவிடுங்களேன், வரி மிச்சமாகும்." எனக்கும் வந்தது, நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன், 180 டாலருக்கு விற்ற பொருளுக்கு 20 டாலர் என்று. பார்சல் வழியில் தொலைந்துபோனது. இழப்பீடு கேட்டால், நீங்கள் எழுதிய மதிப்பே 20 தானே என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவருக்கு 180 டாலரையும் திருப்பிக் கொடுத்தது நான்.

அதனால் மற்ற எதற்கும் முன்னால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுங்கப் படிவத்தில் எழுதும் மதிப்பு, இன்வாய்ஸில் இருக்கும் விலை, இன்சூரன்ஸ் தொகை, இந்த மூன்றும் ஒரே உண்மையான விலையிலிருந்து வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைத்தால் மற்ற இரண்டும் செல்லாமல் போகும். குறைத்து எழுதியது சுங்கத்தில் பிடிபட்டால் அபராதம், பறிமுதல் வரை போகலாம். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து என்பதால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

படி 1: எந்த விலையை எழுதுவது?

உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் சொல்லும் முதல் வழி எளிமையானது: வாங்குபவர் அந்தப் பொருளுக்கு உண்மையில் கொடுத்த, அல்லது கொடுக்க வேண்டிய விலை. 120 டாலர் பொருளைத் தள்ளுபடியில் 100க்கு விற்றிருந்தால் 100 என்று எழுதுங்கள். கையால் செய்து விற்பவர்கள் நூல், மணி வாங்கிய செலவை மட்டும் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு, விற்ற விலைதான் மதிப்பு. உடைந்துபோன பொருளுக்குப் பதிலாக இலவசமாக இன்னொன்று அனுப்புகிறீர்களா? பூஜ்யம் என்று எழுதாதீர்கள், பொருளின் விலையைப் போட்டு, இது மாற்றுப் பொருள், பணம் வாங்கவில்லை என்று இன்வாய்ஸில் ஒரு வரி சேருங்கள்.

அனுப்பும் கட்டணத்தைப் பொருளின் விலையோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சுங்கவரி கணக்கிடும்போது பொருள் விலையோடு அங்கே கொண்டுபோகும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்ப்பார்கள், அமெரிக்காவில் சேர்ப்பதில்லை. தனித்தனியாக இருந்தால்தான் அந்தந்த நாட்டுக்காரர்கள் சரியாகக் கணக்குப் போட முடியும்.

படி 2: படிவம்

தபாலில் அனுப்பினால் சிஎன் 22 அல்லது சிஎன் 23. சின்ன பாக்கெட்டுக்கு, 300 எஸ்டிஆர் மதிப்பு வரை (எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 300 என்றால் சுமார் 400 டாலர்), சிஎன் 22 போதும், அதற்கு மேல் போனால் சிஎன் 23. கூரியரில் என்றால் வணிக இன்வாய்ஸ் கேட்பார்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடம் பொருள் விவரம். "துணி", "பரிசு", "சாம்பிள்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது, பெட்டியைத் திறந்து பார்ப்பார், நாள் கடக்கும். பெண்கள் அணியும் கைத்தறிப் பருத்திச் சட்டை, 2 என்று எழுதுங்கள்: என்ன பொருள், எதால் ஆனது, எத்தனை. அப்புறம் எச்எஸ் குறியீடு, அதாவது பொருள்களை வகைப்படுத்தச் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எண். இதன் முதல் 6 இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவானவை, அதற்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். தயாரிப்பு நாடு என்ற கட்டத்தில் பொருள் செய்யப்பட்ட நாட்டை எழுத வேண்டும், பார்சல் கிளம்பும் நாட்டை அல்ல.

படி 3: வரியை யார் கட்டுவது?

விற்பதற்கு முன்பே வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். வரியை நீங்களே முன்கூட்டிக் கட்டி அனுப்புவது டிடிபி, வாங்குபவர் பார்சல் வந்தபின் கட்டுவது டிஏபி. சொல்லாமல் அனுப்பினால் அவர் வரி கட்ட மறுப்பார், பார்சல் திரும்பி வரும், திரும்பி வரும் செலவு உங்கள் தலையில் விழும்.

பழைய சலுகைகளை நம்பி இருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. அங்கே 150 யூரோ வரையான பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற முறையில் விற்கும்போதே வாட் வசூலிக்கலாம், ஆனால் அந்த முறையில் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண் பார்சலுக்கான மின்னணுத் தரவில் போய்ச் சேராவிட்டால் வாங்குபவரிடம் மறுபடியும் வாட் கேட்பார்கள். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சல்களுக்கும் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் முதல்முறை அனுப்பும்போது அந்த நாட்டுச் சுங்கத்துறைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 4: இன்சூரன்ஸ்

டிராக்கிங் இருந்தால் இன்சூரன்ஸும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. டிராக்கிங் பார்சல் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தொலைந்தால் நிறுவனம் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. விமானச் சரக்குக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் அது 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். 300 டாலர் கேமரா லென்ஸ் 400 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியாக மதிப்பு அறிவிக்காவிட்டால் அந்தக் கணக்கில் வருவது 10.4 எஸ்டிஆர், அதாவது சுமார் 14 டாலர்! எடை குறைந்த, விலை கூடிய பொருள் விற்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

இன்சூரன்ஸ் தொகையாக விற்ற விலையைப் போடுங்கள், அனுப்பும் கட்டணத்தையும் சேர்க்க அனுமதி இருந்தால் சேருங்கள். அதிகமாகப் போட்டுப் பயனில்லை, நிரூபிக்க முடிந்த இழப்புக்கு மேல் தர மாட்டார்கள். பணம் கட்டும் முன் விலக்குப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள்: நகை, ரொக்கம், கண்ணாடி போன்றவை பல திட்டங்களில் கிடையாது, பேக்கிங் போதவில்லை என்றாலும் சுங்கம் பறிமுதல் செய்தாலும் பொதுவாகப் பணம் வராது. சில நாடுகளுக்கு இன்சூரன்ஸ் தபால் சேவையே இல்லை, அப்போது கூரியரையோ தனியார் காப்பீட்டையோ பாருங்கள்.

எல்லாப் பார்சலுக்கும் வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். தொலைந்தால் உங்கள் கையைக் கடிக்காத விலையுள்ள பொருள் என்றால், இன்சூரன்ஸுக்குக் கட்டும் தொகையை ஒவ்வொரு பார்சலுக்கும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தால் போதும்.

படி 5: ஆதாரம், கிளைம்

பெட்டியை மூடும் முன் பொருள், உள் பேக்கிங், மூடிய பெட்டி, எடை காட்டும் தராசு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ரசீது, படிவத்தின் நகல், வாங்குபவர் பணம் கட்டிய விவரம், எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

உடைந்து போய்ச் சேர்ந்தால், பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று வாங்குபவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், ஆய்வுக்குக் கேட்பார்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதப் புகாரை எழுத்தில் கொடுக்க, கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்தான். தபாலில் தொலைந்த பார்சலுக்கு அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். கூரியருக்கும் தனியார் காப்பீட்டுக்கும் அவரவர் கெடு இதைவிடக் குறைவாக இருக்கலாம், அதைப் பார்சல் அனுப்பும் அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். கிளைம் பணம் வர வாரக்கணக்கில் ஆகும், வாங்குபவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, அவருக்கு முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கான ரசீதையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.