மலையகத்தில் நீச்சல் கழகம் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் நாலு பேர் நீச்சல் கழகம் தொடங்கக் கூடினால், முதல் கூட்டத்திலேயே இரண்டு காரியம் நடந்துவிடும். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றி ஒருவர் பேசுவார். தடாகம் கட்டித் தரச் சொல்லி மனு எழுதலாம் என்பார் இன்னொருவர். பேச்சால் கெடுதல் இல்லை, மனுவில்தான் கழகம் படுத்துவிடும்.

கட்டுவதற்கு ஒருமுறை காசு கிடைக்கலாம். பம்ப் ஓடும் மின்கட்டணமும் குளோரினும் மாதாமாதம் வரும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கிறதா என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். விட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். பக்கத்துப் பாடசாலையிலோ ஹோட்டலிலோ உள்ள தடாகத்தை வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். அறைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களில் ஹோட்டல்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். சரி என்று வாயால் சொன்னால் போதாது, நேரத்தையும் தொகையையும் எழுதி வாங்குங்கள்.

“அதுவரை டேமிலேயே பழகலாமே” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். மேலே பார்க்க அமைதியான தண்ணீர்தான். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் இறங்கும்போது, அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயிலும் சுவர்களும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்திருக்கும் நாளில் அவை எல்லாம் காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. கரையோரச் சேறு காலைப் பிடிக்கும், இரண்டடி தள்ளினால் திடீர்ப் பள்ளம். ஆறும் அப்படித்தான்: மேலே மழை கொட்டி வான்கதவு திறந்தால், கீழே குளிப்பவருக்குத் தப்ப நேரம் இருக்காது.

அடுத்தது குளிர். கொழும்பில் ஓடும் பயிற்சி அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். போட்டித் தடாகத்தின் தண்ணீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நுவரெலியாவில் காற்றின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை. சூடாக்காத தடாகத்தில் ஒல்லியான பிள்ளையை ஒரு மணித்தியாலம் வைத்திருந்தால் உதடு நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் அது தண்ணீர்ப் பக்கமே வராது. இருபது நிமிடம் போதும். நடுங்கத் தொடங்கிய பிள்ளையை உடனே ஏற்றி, துவட்டி, உலர்ந்த உடுப்பு மாற்றி, சூடாகப் பிளேன்டீ கொடுங்கள்.

பெண்பிள்ளைகள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள். “வெட்கப்படுறாங்க” என்று கமிட்டி முடித்துவிடும். உடுப்பு மாற்றக் கதவுள்ள அறை உண்டா, தண்ணீரில் சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா உண்டா என்று பாருங்கள். உடலோடு ஒட்டிய நைலான் டீசேர்ட்டும் லெகின்ஸும் போதும் என்று முதலிலேயே அம்மாமாரிடம் சொல்லிவிடுங்கள். பருத்திச் சுடிதார் நனைந்தால் பாரமாகி இழுக்கும். வகுப்பை மாலை நாலு மணிக்கு வைத்தால், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் அம்மா பிள்ளையை எப்படிக் கூட்டிவருவார்? ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, டியூஷன் நேரத்தோடு மோதாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வேகமாக நீந்தும் ஐந்தாறு பையன்களைப் பொறுக்கிப் போட்டிக்கு ஓடுவதும் சீக்கிரமே தொடங்கிவிடும். பதக்கம் வந்தால் சந்தோஷம்தான். என் கணக்கில், சேர்ந்த எல்லாரும் மல்லாந்து மிதந்து, 25 மீற்றர் நீந்திக் கரையேறும் வரைக்கும் போட்டிப் பேச்சே வேண்டாம்.

காசு விஷயம் கோயில் கமிட்டியில் பார்த்ததுதான். தலைவர் பெயரில் கணக்கு வேண்டாம். கழகத்தின் பெயரில் திறந்து, இரண்டு கையெழுத்து வையுங்கள். ஐம்பது ரூபாய் சந்தாவுக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்துப் பதிவையும் முடித்துவிடுங்கள்.

நீந்தத் தெரிந்த அண்ணன் ஒருவரே பயிற்றுநர், அவரே காவலும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்தமாட்டார். இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் பயிற்சிக்கு இரண்டு பேரையாவது அனுப்புங்கள். கரையில் நிற்பவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கையில் போன் வேண்டாம், கயிறு கட்டிய வெறும் பிளாஸ்டிக் கேன் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.