மாதிரி விமானத்துக்கு எந்த ப்ராப் (ப்ரொப்பெல்லர்) நல்லது? அளந்து பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் ஆடிக் காற்று அடிக்கும்போது, பறக்கவிட்டுப் பார்த்து "இந்த ப்ராப் நன்றாக இழுக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் குழப்பிவிடும். விடியற்காலையில், தரையிலேயே அளந்துவிடுங்கள்.

மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி மாறக் கூடாது. ஒவ்வொரு ப்ராப்புக்கும் பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். 3எஸ் லிப்போ (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 12.6 வோல்ட். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் இடையில் வாட் மீட்டர், வாலில் இழுவையை அளக்க லக்கேஜ் தராசு. முழு திராட்டிலில் சில வினாடிகள் ஓட்டி ஆம்பியர், வாட், கிராம் மூன்றையும் குறியுங்கள். ஆம்பியர் ஈஎஸ்சி வரம்பைத் தாண்டினால் அந்த ப்ராப் வேண்டாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் ப்ராப்புக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது.

கிராமை வாட்டால் வகுத்தால் சிக்கனம் தெரியும். அதை மட்டும் நம்பினால் பெரும்பாலும் 10க்கு 5 (விட்டம் 10 அங்குலம், பிட்ச் 5 அங்குலம்; பிட்ச் என்றால் ஒரு சுற்றில் ப்ராப் முன்னேற வேண்டிய தூரம்) தான் ஜெயிக்கும், நின்ற இடத்தில்! பறக்கும்போது பிட்ச் வேகமும் வேண்டும்: ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பிட்ச் அங்குலத்தாலும் 0.0015ஆலும் பெருக்குங்கள். 9000 சுற்றில் 9க்கு 6 என்றால் மணிக்கு 81 கி.மீ.; 8000 சுற்றில் 10க்கு 5 என்றால் 60தான். காற்று மாதங்களில் நான் 9க்கு 6 தான் மாட்டுவேன், எதிர்க்காற்றில் விமானம் திரும்பி வர வேண்டுமே.

அப்புறம், சுற்றுகளை அளக்கும் டாக்கோமீட்டரைச் சோதிக்க, அதைப் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டை நோக்கிப் பிடித்தால் போதும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில், இரண்டு இலை அமைப்பில் 3000 காட்ட வேண்டும்.