சிட்ஸ்: பச்சிளங்குழந்தையைப் பாதுகாப்பாக உறங்க வைக்கும் முறை

ஒரு வயது நிறையாத குழந்தை திடீரென இறந்து, உடற்கூறாய்வு செய்தும், இறந்த இடத்தை ஆராய்ந்தும், மருத்துவ வரலாற்றைப் பார்த்தும் காரணம் பிடிபடாதபோதுதான் அதைத் திடீர் சிசு மரணம், சுருக்கமாகச் சிட்ஸ், என்கிறார்கள். இது பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள், உறக்கத்தின்போது நேர்கிறது. மூச்சு தடைப்பட்டால் விழிக்கச் செய்யும் மூளைத்தண்டின் இயக்கம் சில குழந்தைகளிடம் குறைவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அது எந்தக் குழந்தை என்று முன்கூட்டியே அறிய வழியில்லாததால், எல்லாக் குழந்தைகளுக்கும் இதே முறைதான்.

படி 1: ஒவ்வொரு உறக்கத்திற்கும், பகல் தூக்கம் உட்பட, மல்லாக்கப் படுக்க வையுங்கள். நாங்கள் அதிகம் தயங்கியது இங்கேதான். பால் கக்கினால் புரையேறிவிடாதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். உடலமைப்பைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மல்லாந்து படுக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக இருப்பதால், எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் இறங்க வேண்டுமானால் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறப் படுத்தாலோ இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் சரியல்ல, குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கியபின் இவ்வகை மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன.

படி 2: மெத்தை அழுத்தமாகவும் சமதளமாகவும் இருக்கட்டும், மேலே இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு மட்டும் போதும். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை, தொட்டிலின் ஓர மெத்தை எதுவும் வேண்டாம். குளிருக்குப் போர்வையைவிட, கைகள் வெளியே இருக்கும் உறக்கப் பையே என் தேர்வு.

படி 3: உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வையுங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்தானது. வீட்டில் சிகரெட் புகை கூடவே கூடாது. அதிக உடை போர்த்தியிருக்கிறதா என்பதைப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடையைக் குறையுங்கள்.

இதயத் துடிப்பையும் ரத்த ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்கும் காலுறைக் கருவியை நான் வாங்கவில்லை. அது சிட்ஸைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

பிற்சேர்க்கை: உறக்கத்தில் தானாகப் புரண்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இரு பக்கமும் தானே புரளத் தெரிந்த குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும், பிறகு அது புரண்டுகொள்ளும் நிலையிலேயே விட்டுவிடலாம். ஆனால் புரள முயலத் தொடங்கிய உடனேயே துணியில் சுற்றிப் படுக்க வைப்பதை நிறுத்திவிட வேண்டும்.