கற்பனை நகரம் கட்டணுமா? குப்பையிலிருந்து தொடங்குங்கள்

கதைக்காக ஒரு மாய நகரம் கட்டப் போகிறீர்களா? சரி, அரண்மனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த ஊரில் குப்பை எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள். நம் சிங்கப்பூரையே பாருங்கள்: குப்பையை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி, 1999இலிருந்து செமாக்காவ் தீவில் கொட்டுகிறோம். கதையில் எழுதினால் யாராவது நம்புவார்களா? உங்கள் ஊரில் எரிக்கும் வேலையை டிராகனிடம் கொடுங்கள், ஆனால் அதற்குச் சம்பளம் யார் தருவது, அது இரண்டு நாள் லீவு போட்டால் எந்தத் தெரு முதலில் நாறும் என்பதையும் யோசியுங்கள், கதை அங்கேதான் கிடக்கிறது.

கட்டடங்களுக்கு மழையைக் கேளுங்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும், மேலே கூரை போட்ட ஐந்தடிப் பாதை, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் போட்ட விதியிலிருந்து வந்தது. கொட்டும் மழையிலும் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு நனையாமல் நடக்கலாம், யாராவது வெங்காய மூட்டையைக் குறுக்கே அடுக்கி வைக்காத வரை. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு விதி வேண்டும், மூட்டையும் வேண்டும்.

பெயரைக் கடைசியில் வையுங்கள், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி சொல்லி வழி கேட்கிற அளவுக்குச் சின்னதாக.