குழந்தைக்குப் பல் டாக்டர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

வலி வந்த பிறகு டாக்டரைத் தேடுவதுதான் நம்மூரில் வழக்கமாக நடக்கும் தவறு. ராத்திரி முழுக்கப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும். விடிந்ததும் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ எந்த கிளினிக் முதலில் திறக்கிறதோ அங்கே ஓடுவோம். வீங்கிய ஈறு, தூக்கம் கெட்ட பிள்ளை, முதல் நாளே ஊசி. அப்புறம் எந்த டாக்டர் முன்னாலும் அது வாயைத் திறப்பது சந்தேகம்தான். முதல் பல் முளைத்ததும், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டச் சொல்வது இதற்காகவும்தான். வலியில்லாத நாளில் போனால் டாக்டர் எப்படிப்பட்டவர் என்று நிதானமாகப் பார்க்க நமக்கும் அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது, போர்டை நம்பிப் போவது. சுவரில் கார்ட்டூன் வரைந்து 'குழந்தைகள் பல் சிகிச்சை' என்று எழுதிவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட முடியாது. பல் டாக்டருக்கான ஐந்து வருட பி.டி.எஸ். பட்டப்படிப்பை முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்திருக்க வேண்டும். வெறுமனே எம்.டி.எஸ். என்று போட்டிருந்தால் எதில் என்று கேளுங்கள். கிளிப் போடுகிற டாக்டரும் எம்.டி.எஸ்.தான், ஈறு டாக்டரும் எம்.டி.எஸ்.தான். சின்னச் சொத்தையை அடைக்க பி.டி.எஸ். டாக்டரே போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடம்பிடிக்கும் மூன்று வயசுப் பிள்ளைக்குப் பால் பல்லில் ரூட் கேனல் (பல்லின் உள்ளே வேர் வரை சுத்தம் செய்து அடைப்பது) என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். பல கிளினிக்குகளில் ஸ்பெஷலிஸ்ட் குறிப்பிட்ட கிழமைகளில்தான் வருவார். எந்தக் கிழமை வருவார், சிகிச்சையை அவரே செய்வாரா என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

தனியாரை விட்டால் வழியில்லை என்று கடன் வாங்குகிறவர்களும் உண்டு. புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. கடலூர் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கெல்லாம் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. காத்திருக்கத்தான் வேண்டும்.

"விழுந்து முளைக்கிற பல்தானே, விடு" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு டாக்டரையே தவிர்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். முன்பல் ஆறேழு வயசில் விழும், சரி. பால் பல்லில் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரை இருந்தாக வேண்டும். அதை முன்னாலேயே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். அதனால் பிடுங்கச் சொல்லும் டாக்டரிடம், அந்த இடத்தைக் காக்க ஏதாவது பொருத்த வேண்டுமா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பெரும்பாலும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இன்னொன்றை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைக்கு ஆறு வயசு ஆனதும் கன்னத்தை விரலால் ஒதுக்கி, முன்பல்லின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்தாவது வரை பால் பல். அதற்குப் பின்னால், எதுவும் விழாமலேயே முளைத்திருக்கும் ஆறாவது பல் நிரந்தரமானது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

"சேட்டை பண்ணினால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டிவிட்டு அதே டாக்டரிடம் கூட்டிப் போகிறோம் பாருங்கள், எவ்வளவு திறமையான டாக்டர் கிடைத்தும் அன்று பிரயோசனமில்லை.

முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்றால் உடனே தலையாட்டவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான வழி. மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா, எந்த ஆஸ்பத்திரியில் செய்வார்கள், அவசரம் என்றால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் வராத இடத்தில் தேதி வாங்காதீர்கள்.